கொள்ளைநோய்க் காலத்துத் தேயிலைத் தோட்டங்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு இலங்கைத் தீவு முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொழும்பிற் கடைகள் அடைக்கப்பட்டன, அலுவலகங்கள் வெறிச்சோடின, புகைவண்டிகள் நின்றன. ஆனால் ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளிலோ, சில நாட்களுக்குள்ளாகவே, இடையிற் படங்கு கட்டித் தலையிற் கூடைக் கயிறு மாட்டிய பெண்கள் மீண்டும் தத்தம் நிரையில் நின்றனர். விவசாயத்துக்கும் ஏற்றுமதிப் பயிர்களுக்கும் அரசாங்கம் விலக்களித்திருந்தது. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று நாட்டுக்கே ஆணையிடப்பட்ட காலத்தில், வேலைக்கு வாருங்கள் என்று அழைக்கப்பட்டவர்களுள் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர்.

தேயிலையின் இயல்பு அத்தகையது. நெல்லைப் போல ஒரு போகத்துக்குக் காத்திருக்கும் பயிர் அன்று அது. நல்ல கொழுந்துக் காலத்தில், ஒரு மலையில் எடுத்த கொழுந்தை ஏறத்தாழ ஏழு நாட்களில் மறுபடியும் எடுத்தல் வேண்டும். தவறினால் தளிர் முற்றிவிடும். முற்றிய இலை தொழிற்சாலைக்கு உதவாது. அதனை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தளிர் வரும்வரை காத்திருக்க நேரும். ஊரடங்கு விழுந்த பங்குனியும், அதனை அடுத்த சித்திரையும், மழை கண்டு கொழுந்து பெருகத் தொடங்கும் மாதங்கள். சுற்றுலாத்துறை அடியோடு நின்றுபோன அந்நாட்களில், அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தேயிலையும் நின்றுவிட நாடு இடங்கொடுக்க இயலவில்லை. ஆகவே தோட்டங்களைத் திறந்தே வைப்பதென முடிவாயிற்று.

அம்முடிவைக் குறைகூறுவது எளிது. ஆயினும், வேலை நின்றிருந்தால் நாட்கூலியும் நின்றிருக்கும் என்பதை மறத்தலாகாது. அன்றாடம் பெயர் பதிந்தால் மட்டுமே சம்பளம் காணும் குடும்பத்துக்கு, வேலையில்லாத மாதம் என்பது அடுப்பெரியாத மாதமே. எனவே, ஈண்டு ஆராயத்தக்க கேள்வி வேறு. வேலைக்கு அழைத்தவர்கள், அழைக்கப்பட்டவர்களை நோயினின்றும் காப்பதற்கு எவ்வளவு செய்தனர்? தோட்டத்து மக்கள் தமக்குத் தாமே எவ்வளவு செய்துகொண்டனர்? இரு சாராராலும் செய்யப்படாது எஞ்சி நின்றது யாது? இவையே அக்கேள்விகள்.

மலையகத் தமிழரின் வரலாற்றிற் கொள்ளைநோய் புதிய விருந்தாளி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதி எண்ணற்றோரை மாய்த்தது. 1896ஆம் ஆண்டிற் பம்பாயில் பிளேக்கு நோய் தோன்றியபின், சில ஆண்டுகளில் அந்நடைவழி மூடப்பட்டது; தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி வந்தோர் கொழும்புக்கு அண்மையிலுள்ள ராகமை முகாமிற் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் புகைவண்டியும் இணைந்த போக்குவரத்துத் தொடங்கிற்று. அதன்பின் மண்டபம் முகாமே மலைநாட்டின் வாயிலாயிற்று. அங்கே வந்தவர்கள் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, நோயற்றவர் எனக் கண்டபின், போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டோடு அனுப்பப்பட்டனர்.

இந்த ஏற்பாடுகள் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் நோக்கு எல்லையிலேயே நின்றுவிட்டது. நோய் தோட்டத்துக்குள் நுழையாதபடி தடுப்பதில் எடுத்துக்கொண்ட அக்கறை, தோட்டத்துக்குள் மக்கள் வாழும் நிலையைத் திருத்துவதில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1872ஆம் ஆண்டிலேயே தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் ஒன்று பிறந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. வைத்தியரும் மருந்தும் ஓரளவு வந்தன. ஆனால் லயங்கள் லயங்களாகவே இருந்தன.

இதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. 1916ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த சுகாதாரப் பிரிவினர் இலங்கைக்கு வந்து, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு நோயை ஒழிக்கும் பணியைத் தொடங்கினர். சோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையோரின் குடலில் அப்புழு இருந்தது. மருந்து கொடுக்கப்பட்டது, மக்கள் குணமடைந்தனர். ஆனால் குணமடைந்தவர்கள் திரும்பிச் சென்றது, போதிய மலசலகூடம் இல்லாத அதே லயங்களுக்கு. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தனர், மறுபடியும் நோயுற்றனர். மருந்தினால் மட்டும் நோய் ஒழியாது, குடியிருப்புத் திருந்தினாலன்றிச் செய்த செலவு வீண் என்பதை அப்பணியாளர்கள் விரைவிற் கண்டுகொண்டனர்.

அடுத்து வந்தது 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சா. அவ்வாண்டின் பிற்பகுதியிலும் 1919இன் தொடக்கத்திலும் இரண்டு அலைகளாக அது இலங்கையைத் தாக்கியது. அக்காலத்து இலங்கையின் மக்கட்தொகை ஏறத்தாழ 45 இலட்சம். மாண்டோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரின் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. அவற்றுள் ஒன்று மூன்று இலட்சத்தையும் தொடுகின்றது. அந்நோய் மூச்சினாற் பரவுவது. சுவரோடு சுவராக அடுக்கிய காம்பராக்களில் உறங்கும் மக்களிடையே அதனைத் தடுக்கும் வழி எதுவும் அன்று எவர் கையிலும் இருக்கவில்லை.

நூறு ஆண்டுகள் கழிந்தபின் அதே வகையான நோய் மீண்டும் வந்தது.

இம்முறை தோட்ட நிர்வாகங்கள் வாளாவிருந்தன என்று சொல்லுதல் நியாயமன்று. அதிகாலையிற் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் ஒருங்கே நிறுத்திப் பெயர் பதியும் வழக்கம் பல தோட்டங்களிற் கைவிடப்பட்டது. தொழிலாளர் நேரே தத்தம் மலைக்குச் சென்றனர். கொழுந்து மடுவத்தில் நெருக்கியடித்து நிற்காது, இடைவெளி விட்டு நின்று நிறுவை பார்க்கச் செய்தனர். தொழிற்சாலை வாயிலிற் கைகழுவக் குழாயும் சவர்க்காரமும் வைக்கப்பட்டன. உள்ளே செல்வோரின் உடல் வெப்பம் அளக்கப்பட்டது. வெளியார் தோட்டத்துக்குள் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. நகரத்துக்குச் சென்று சாமான் வாங்க இயலாத நாட்களில், சில தோட்டங்களில் அரிசியும் மாவும் பருப்பும் தோட்டத்துக்கே வருவிக்கப்பட்டன. திறந்த வெளியிற் காற்றோட்டத்தில் நடக்கும் வேலை கொழுந்தெடுத்தல். ஒரு நிரைக்கும் மறு நிரைக்கும் இடையே இயல்பாகவே தூரம் உண்டு. ஆகவே வேலைத்தளம் பெரும்பாலும் ஆபத்தற்றதாகவே இருந்தது. முதல் அலையில் நுவரெலியா மாவட்டம் பெரிதும் தப்பியது.

வணிக உலகம் காட்டிய வேகமும் குறிப்பிடத்தக்கது. இலங்கைத் தேயிலை விலைபேசப்படுவது கொழும்பு ஏலத்தில். 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிய அந்த ஏலத்தில், தரகரும் கொள்வனவாளரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, வாய்விட்டுக் கூவியே விலைபேசி வந்தனர். இந்தியாவில் மின்வழி ஏலம் வந்து பல ஆண்டுகளாகியும், கொழும்பில் அது பற்றிய பேச்சு நடந்ததேயன்றிச் செயல் நடக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரு மண்டபத்திற் கூடுவது ஊரடங்கில் இயலாதென்றானதும், நெடுநாள் நிகழாத மாற்றம் நிகழ்ந்தது. 2020 ஏப்பிரல் 4ஆம் திகதி முதலாவது இணையவழி ஏலம் நடந்தேறியது. ஊரடங்கு பிறந்து அன்றோடு பதினைந்து நாட்கள்.

இம்மாற்றத்தால் நன்மையடைந்தோர் தரகர் மட்டுமல்லர். ஏலத்தில் வரும் பணத்திலிருந்தே தொழிற்சாலைகள் சம்பளம் கொடுக்கின்றன. இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை விளைவிக்கும் சிறு தோட்ட உடைமையாளருக்குக் கொழுந்தின் விலையும் அதிலிருந்தே கிடைக்கின்றது. ஏலம் நின்றிருந்தால் மலையிலும் பசி வந்திருக்கும். 2019இல் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, வரட்சியாலும் நோயாலும் 2020இல் 27 கோடி 85 இலட்சம் கிலோவாகக் குறைந்தது. எனினும் ஏல விலை முந்திய ஆண்டைவிட உயர்ந்தே நின்றது. உலகம் வீட்டுக்குள் அடைபட்ட காலத்திலும் தேநீர் குடிப்பதை நிறுத்தவில்லை.

இனி மக்களின் பக்கம் திரும்புவோம். தொற்றுநோய்க் காலத்தில் விலகியிருத்தல் தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமன்று. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவதும், அதனைக் கண்டவர் உள்ளே வராது திரும்புவதும், வீட்டார் பிறர் வீடு செல்லாதிருப்பதும் மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்த பழைய ஒழுக்கங்கள். மருந்தறியாத காலத்தில் மக்கள் பக்தியின் பெயரால் கண்டுகொண்ட கட்டுப்பாடு அது. 2020இலும் அவ்வுணர்வு கைகொடுத்தது. கோவில் திருவிழாக்கள் பூசையளவில் சுருங்கின. தேர் நின்றது, காவடி நின்றது. சித்திரைப் புத்தாண்டு ஊரடங்குக்குள்ளேயே வந்து கழிந்தது.

அவ்வாண்டு மே மாதம் 26ஆம் திகதி, மலையகத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரான அமைச்சர் ஆறுமுகன் தொண்டமான் காலமானார். சாதாரண காலமாயின் மலையகமே திரண்டிருக்கும். ஆனால் மே 31ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இறுதிக்கிரியை நடந்தபோது, நுவரெலியா மாவட்டம் ஊரடங்கின் கீழ் இருந்தது. வழிநெடுக மக்கள் திரளாமலும் இல்லை; துயரைச் சட்டத்தால் முற்றும் அடக்கிவிட முடியுமோ? எனினும், பெரும்பாலோர் தத்தம் லயத்து வாசலில் நின்றே விடைகொடுத்தனர்.

பாடசாலைகள் மார்ச் நடுப்பகுதியிலேயே மூடப்பட்டிருந்தன. கல்வி இணையவழி தொடரும் என்றனர். மலை மறைவிலுள்ள தோட்டத்துக்கு அலைவரிசை எட்டுவதில்லை. வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்தாலும் அது வேலைக்குச் செல்லும் தகப்பனின் சட்டைப்பையில் இருந்தது. பிள்ளைகள் அலைவரிசை தேடி மேட்டுக்கு ஏறினர். ஆசிரியர்கள் பலர் பாடத்தாள்களை அச்சிட்டு, லயம் லயமாகக் கொண்டு சென்று கொடுத்தனர். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தனர். ஆயினும் இழந்த பாடம் இழந்ததே. பல சிறுவர் அக்காலத்தில் வேலைக்கென நகரம் சென்று, பின்னர் வகுப்புக்குத் திரும்பவில்லை.

மலையகத்துக்கு உண்மையான சோதனை வந்தது அவ்வாண்டின் பிற்பகுதியில். ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும், அம்மாதப் பிற்பகுதியிற் பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் பெருமளவில் வெளிப்பட்டது. மீன் லொறி சென்ற ஊர்களுக்கெல்லாம் நோயும் சென்றது. ஹற்றன் நகரின் மீன் வியாபாரிகளிடையே அது காணப்பட்டதும், நகரம் சில நாட்கள் மூடப்பட்டது. நவம்பர் 14ஆம் திகதி தீபாவளி. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான மலையக இளைஞரும் யுவதிகளும் ஊர் திரும்பும் நாள் அது. இவ்வாண்டு வரவேண்டாம் என்று சுகாதார அதிகாரிகள் வேண்டினர். தாய்மாரும் தொலைபேசியில் அதையே சொன்னார்கள். பண்டிகைக்கு வராதே என்று பெற்ற பிள்ளைக்குச் சொல்ல நேர்ந்த தாயின் மனம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை விவரித்தல் வேண்டா.

வேலை இழந்து, வாடகை கொடுக்க வழியின்றி வந்தவர்களும் உளர். அவர்கள் வரும் செய்தியைக் கோவில் கமிட்டியினரும் தோட்டத் தலைவர்மாரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தனர். பதினான்கு நாள் தனித்திருத்தல் வேண்டும் என்பது விதி. எங்கே தனித்திருப்பது?

அங்கேதான் பழைய குறை வெளிப்பட்டது. வழமையான லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதனோடு ஒரு சிறு முன்புறம். சில வீடுகளிற் பின்னே கட்டிக்கொண்ட ஒரு குசினி. ஒரு காம்பராவில் ஐந்து பேர், ஆறு பேர். சிலவற்றில் மணமான மகனின் குடும்பமும் சேர்ந்திருக்கும். பல காம்பராக்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். அத்தகைய வீட்டில் நோயுற்றவனுக்குத் தனியறை ஏது? சிற்சில தோட்டங்களில் வாசிகசாலையையும் கலாசார மண்டபத்தையும் ஒழித்துக் கொடுத்தனர். ஏனைய இடங்களில், ஒருவருக்கு நோய் கண்டால் லயம் முழுவதையுமே மூடுவதன்றி வேறு வழி இருக்கவில்லை.

லயம் மூடப்பட்டால் பெயர் விழாது. பெயர் விழாவிட்டாற் சம்பளம் இல்லை. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் பத்தாயிரம் ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதியை அறிவித்தது. அது பசியை ஆற்ற உதவிற்று, கடனை ஆற்றவில்லை. இதனால் மெல்லிய காய்ச்சலை வெளியிற் சொல்லத் தயங்கியவர்களும் இருந்தனர் என்றால், அதனை அறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது. நோயை அறிவிப்பவனுக்கு நட்டமும் மறைப்பவனுக்குக் கூலியும் கிடைக்கும் ஏற்பாட்டில், பிழை அவ்வேற்பாட்டினது.

லயங்கள் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தன என்று கேட்கலாம். அவை எவருடைய பொறுப்பு என்பது தெளிவுபடாமையே முதற்காரணம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுக்கு, பயிர் கம்பனிக்கு என்றாயிற்று, வீடு யாருக்கு? குடியிருப்பவனுக்கு அதில் உறுதி இல்லை. ஆதலால் அவன் செலவிட்டுத் திருத்தத் துணியவில்லை. குத்தகைக்காலம் முடிந்தால் விட்டுச்செல்ல வேண்டிய கம்பனியும் அதிற் பெருமுதல் இடவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் வந்த திருத்தமே அத்தடையை நீக்கியது. அரசாங்கத்தின் வீடமைப்புத் திட்டங்களும், இந்திய அரசின் உதவியாலான 4,000 வீடுகளும், 2017இல் மேலும் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளும் வரவேற்கத்தக்கனவே. டிக்கோயாவில் அவ்வாண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையும் அவ்வாறே. ஆயினும் லயத்தில் வாழும் குடும்பங்களின் தொகையோடு ஒப்பிட்டால், கட்டியவை சில, கட்டவேண்டியவை பல.

சம்பளத்தின் கதையும் இதனை ஒத்தது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்பது நோய்க்கு முன்னரே பல ஆண்டுகளாகத் தொழிலாளர் விடுத்த கோரிக்கை. 2021 மார்ச் மாதத்தில், சம்பள நிர்ணய சபையின் வாயிலாக, அது வர்த்தமானியில் வந்தது; கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. தேயிலையின் உற்பத்திச் செலவு மிகுதி என்பது அவற்றின் வாதம். அவ்வாதத்தில் உண்மையே இல்லை என்பதற்கில்லை. எனினும், நாட்டின் அத்தியாவசியத் தொழில் என்று கொள்ளைநோய்க் காலத்தில் அழைக்கப்பட்டவர்கள், நோய் தணிந்தபின் செலவுக் கணக்கின் ஒரு வரியாக மட்டும் எண்ணப்படுவது அறமாகுமா?

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடம் கடினமானதன்று. கூடியே தீரவேண்டிய ஏலமண்டபத்தைப் பதினைந்து நாட்களில் மாற்ற முடிந்தது. காரணம், அது மாறாவிட்டால் எல்லோருக்கும் நட்டம் என்பது எல்லோருக்கும் அன்றே தெரிந்திருந்தது. லயத்தால் வரும் நட்டம் அவ்வளவு விரைவாகக் கணக்கிற் தெரிவதில்லை. அது காய்ச்சலாகவும், இருமலாகவும், படிப்பை விட்ட பிள்ளையாகவும், தோட்டத்தை விட்டு நகரம் போகும் இளைஞனாகவும் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றது. இன்று கொழுந்தெடுக்க ஆளில்லை என்று தோட்டங்கள் முறையிடுகின்றன. ஆள் இல்லாமற் போனதற்கான காரணங்களுள் காம்பராவும் ஒன்று என்பதை அவை எண்ணிப் பார்த்தல் நலம்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். வராமற் போகாது என்பதை வரலாறு அறியும். அதற்கு முன் செய்யத்தக்கவை சில உண்டு. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும், நோயுற்றோர் தங்கத் தண்ணீர் வசதியுள்ள ஒரு தனி மனை வேண்டும். தனித்திருக்கப் பணிக்கப்படுவோருக்கு அந்நாட்களின் பெயர் விழவேண்டும். அச்செலவை அரசும் கம்பனியும் பகிர்ந்துகொள்ளலாம். தோட்ட வைத்தியசாலைகள் நாட்டின் பொதுச் சுகாதார சேவையோடு முற்றாக இணைதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்போனுக்கு நிலத்துக்கும் வீட்டுக்கும் உறுதி வேண்டும். தன்னுடையது என்று ஒரு வீடு இருந்தால், அதற்கு ஓர் அறையை அவனே கூட்டிக்கொள்வான். அரசாங்கம் கூட்டித் தரும்வரை காத்திரான்.

1916இல் மருந்து கொடுத்தவர்கள் கண்ட உண்மையை 2020 மீண்டும் காட்டியிருக்கின்றது. மூன்றாம் முறையும் அதனைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை மலையகத்துக்கு வாராதிருக்கட்டும்.